கேஸ் கீசர் மாட்டும் முன் காற்றுக்கு வழி பாருங்கள்: குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன், வெளியே எந்த இடத்தில் மாட்டுவது, வெளியே இடமே இல்லாத வீட்டில் என்ன செய்வது என்பதையெல்லாம் முதல்முறை வாங்குகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், வீடு கட்டும் முறை மாறிவிட்டது. பழைய ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று தானாக வந்து போகும். அடுக்களையில் விறகு எரிந்தாலும் புகை மேலே ஏறிப் போய்விடும். இப்போது நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும் காங்கிரீட் வீடு, இறுக மூடும் யுபிவிசி ஜன்னல். இடவப்பாதியும் துலாமழையும் என்று வருடத்தில் இரண்டு முறை மழை சாய்த்து அடிப்பதால் குளியலறை வென்டிலேட்டரிலும் கண்ணாடியைப் போட்டு அடைத்துவிடுகிறோம். அந்த அறைக்குள்தான் தீ எரியும் கருவி ஒன்றைக் கொண்டுபோய் மாட்டுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு

டேப் ஒன்றை எடுத்து உங்கள் குளியலறையின் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து மூன்றையும் பெருக்குங்கள். 7 அடி நீளம், 5 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் 315 கன அடி. ஏறக்குறைய 9 கன மீட்டர் காற்று.

கடைகளில் அதிகம் விற்கும் நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 1 கிலோ கேஸ் எரியும். 1 கிலோ எல்பிஜி முழுமையாக எரிய 12, 13 கன மீட்டர் காற்று வேண்டும். அப்படியானால் கால் மணி நேரக் குளியலுக்கு 3 கன மீட்டர். கதவும் வென்டிலேட்டரும் மூடிய அந்த 9 கன மீட்டர் அறையில் மூன்றில் ஒரு பங்கு காற்றைக் கீசரே எடுத்துக்கொள்கிறது. மூச்சு விடுகிற ஆளும் அதே அறைக்குள்தான் நிற்கிறார்.

கேஸ் நன்றாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். ஆக்சிஜன் குறையக் குறைய எரிவது அரைகுறையாகிக் கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கும். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆக்சிஜன் ஏற இடம் இருக்காது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாறும், ஏனென்றால் கசிவு தெரிவதற்காகவே அதில் ஒரு நாற்றத்தைக் கலக்கிறார்கள். எரிந்து வரும் இந்த விஷத்துக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லை. "எனக்கு கேஸ் வாடையே வரலியே" என்று தைரியமாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அமெரிக்காவில் புகைபோக்கி இல்லாத கேஸ் கணப்பு என்று ஒன்றை வீட்டுக் கூடத்தில் வைக்கிறார்கள். எரிந்த காற்று முழுவதும் அறைக்குள்ளேயே வருவதால் அதற்குக் கடுமையான விதிகள் உண்டு. கருவி மணிக்கு எவ்வளவு வெப்பம் தரும் என்பதை அங்கே பிடியு (BTU) என்ற அலகில் சொல்வார்கள். அந்தத் திறனில் ஒவ்வொரு 1000 பிடியுவுக்கும் 50 கன அடி இடம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வெளியிலிருந்து காற்று வர வழி செய்ய வேண்டும். அறையில் ஆக்சிஜன் 18 சதவீத அளவுக்கு இறங்கினால் தீயைத் தானே அணைக்கும் உணர்கருவியும் அதில் இருக்கும். நம் 6 லிட்டர் கீசரின் திறன் சுமார் 12 கிலோவாட், அதாவது 41,000 பிடியு. அந்தக் கணக்குப்படி அதற்கு 2,050 கன அடி இடம் வேண்டும். நாம் கொடுப்பது 315.

வெளியே எங்கே மாட்டுவது

குளியலறையின் வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே மழை படாத இடம் நல்லது. துணி துவைக்கும் திறந்த இடம் இருந்தால் இன்னும் நல்லது. இடத்தை முடிவு செய்யும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, வென்டிலேட்டருக்கு நேர் கீழே மாட்டக்கூடாது. எரிந்த காற்று சூடாக இருப்பதால் நேராக மேலே ஏறும். கீசர் கீழே, வென்டிலேட்டர் மேலே என்று இருந்தால் வெளியே மாட்டியும் பலன் இல்லை, புகை அத்தனையும் குளிப்பவர் தலைக்கு மேலே உள்ளே வந்துவிடும். பக்கவாட்டில் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். மாடியில் படுக்கையறை ஜன்னல் இருக்கிறதா, ஒட்டியிருக்கும் பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கே இருக்கிறது என்றும் நிமிர்ந்து பாருங்கள். வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களில் இது முக்கியம்.

இரண்டு, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். தோவாளை, ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரிப் பக்கம் வீடு என்றால் ஆனி, ஆடியில் காற்று முகத்தில் அடிக்கும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். தீ அணைந்து அணைந்து எரியும். அதற்காகக் கீசரைச் சுற்றித் தகரப் பெட்டி செய்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், மூடிய பெட்டிக்குள் மறுபடியும் காற்றுக்குப் பஞ்சம்தான். காற்று வரும் பக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டி மறைப்பு வைத்தால் போதும். மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும்.

மூன்று, உப்பு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரிக் கடலோர ஊர்களில் பர்னர் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலைப் பார்த்த சுவரை விட்டு வீட்டின் மறுபக்கம் மாட்டுங்கள்.

"வெளியே வைத்தால் தண்ணீர் ஆறிப் போகாதா?" என்று கேட்பார்கள். அரை அங்குலக் குழாயில் 10 அடி நீளத்துக்கு நிற்கும் தண்ணீர் அரை லிட்டர்கூட இல்லை. நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்தால் நாலைந்து விநாடியில் அது வடிந்து வெந்நீர் வந்துவிடும். குழாய் சிபிவிசியாக இருக்கட்டும், சாதாரண பிவிசி சூட்டுக்குத் தாங்காது. மேலே ஃபோம் உறை ஒன்று போட்டுவிடுங்கள்.

வெளியே இடமே இல்லை என்றால்

மாடிக் குடியிருப்பில் இப்படி வரலாம். அப்போதும் குளியலறை வேண்டாம். ஜன்னல் உள்ள அடுக்களையோ பால்கனியோ பார்க்கலாம். ஆனால் வெளிச்சுவரில் நிரந்தரமாகத் திறந்திருக்கும் துளைகள் இரண்டு வேண்டும். ஒன்று தரையிலிருந்து 1 அடிக்குள், இன்னொன்று கூரையிலிருந்து 1 அடிக்குள். கீழ்த் துளை வழியாகப் புதுக்காற்று வரும், மேல் துளை வழியாகச் சூட்டுக்காற்று போகும். ஒரே துளை போட்டால் இந்த ஓட்டம் சரியாக நடக்காது.

கொத்தனாரிடம் சொல்லும்போது ஒவ்வொன்றும் குறைந்தது 9 அங்குல நீளம், 4 அங்குல உயரம் என்று சொல்லுங்கள், ஏறக்குறைய ஒரு செங்கல் முகம். அதன்மேல் போடும் மூடிதான் பலர் கவனிக்காத இடம். சாய்வுத் தகடு வைத்த உலோக மூடி போட்டால் திறப்பில் முக்கால் பங்குதான் காற்றுக்குக் கிடைக்கும். மரத்தில் செய்தால் கால் பங்குதான் என்று கணக்கு வைப்பார்கள். நெருக்கமான கொசுவலை வேண்டவே வேண்டாம், மூன்று மாதத்தில் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிச் சுவராகவே மாறிவிடும். எலி, பல்லி வராமலிருக்கக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போதும். சாரல் வராதபடி தகடுகள் வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். திறந்து மூடும் வசதி எதுவும் வைக்காதீர்கள். மூடும் வசதி இருந்தால் முதல் மழையிலேயே யாராவது மூடிவிடுவார்கள்.

புகைக்குழாய் உள்ள கீசராக இருந்தால், அந்தக் குழாயை வெளிச்சுவர் தாண்டி நீட்டியே ஆக வேண்டும். குழாய் தனியாகக் கிடக்க, கீசரை மட்டும் மாட்டிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு, விடாதீர்கள். அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேனோ சிம்னியோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காற்று உள்ளே வர வழி இல்லாத அறையில் ஃபேன் ஓடினால், அது புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். வெளியே போக வேண்டிய புகை திரும்ப உள்ளே வந்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று துளைகளைத் தவிர்ப்பது அதனால்தான் தவறு.

கேஸ் இணைக்கும் முன் ஊதுபத்திச் சோதனை

இதைப் பகலில் செய்யுங்கள். சிலிண்டரை இன்னும் இணைத்திருக்கக் கூடாது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதைப் போட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கீழ்த் துளைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். புகை அறைக்குள் வளைந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம். அப்புறம் ஃபேனை நிறுத்திவிட்டு மேல் துளையில் பிடியுங்கள். புகை வெளியே போக வேண்டும். அசையாமல் நேராக நின்றால் துளை போதாமல் இருக்கலாம் அல்லது எங்காவது அடைத்திருக்கலாம். வேறொரு நாள், காற்று அடிக்கும் நேரத்திலும் ஒருமுறை பாருங்கள்.

சிலிண்டரும் குழாயும்

எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி, பள்ளம் பார்த்து ஓடும். சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள குழியிலோ, மூடிய அலமாரிக்குள்ளோ வைக்காமல், வெளியே நிழலில் நிமிர்த்தி வையுங்கள். சுவருக்குள் ரப்பர் குழாயை நுழைக்காதீர்கள், அந்த இடத்துக்குச் செம்பு அல்லது ஜிஐ குழாய்தான். வெளியே தெரியும் இணைப்புக்கு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சுரக்ஷா டியூப் வாங்கி, 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீசரிலும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்தே வாங்குங்கள். இணைத்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி உரசிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அது வேண்டாம்.

பற்றவைத்த பிறகு

தீ நீலமாக, அசையாமல் எரிய வேண்டும். மஞ்சளாக நீண்டு எரிந்தாலோ, கீசரின் மேல்பகுதியில் கரி படிந்தாலோ உடனே நிறுத்துங்கள். பர்னருக்குக் காற்று போதவில்லை. நம் ஊரில் இதற்கு ஒரு சாதாரணக் காரணம் குளவி. கொஞ்ச நாள் ஓடாமல் கிடந்த கீசரின் காற்றுத் துளையிலோ புகைக்குழாயிலோ மண் கூடு கட்டிவிடும். சிலந்தி வலையும் அப்படித்தான். வருடத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன் ஐப்பசியில் ஆளை வரவழைத்துப் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கடலோரத்தில் இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை.

கீசர் வீட்டுக்குள் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அதை மூச்சு விடும் உயரத்தில், நீராவி படாத இடத்தில் மாட்ட வேண்டும். சாதாரண கேஸ் கசிவு அலாரம் வேறு, அது இதைக் கண்டுபிடிக்காது. வாங்கும்போது பெட்டியில் படித்துப் பாருங்கள்.

குளியலறைக்குள்ளேயே ஏற்கெனவே மாட்டியிருந்தால்

இடம் மாற்றும் வரைக்கும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து வைத்து, வாளியில் வெந்நீரை நிரப்பி, கீசரை அணைத்து, சில நிமிடம் காற்று போகவிட்டு, அப்புறம் கதவை மூடிக் குளியுங்கள். தீ எரியும்போது மூடிய கதவுக்குள் யாரும் நிற்கக் கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் இன்றே பேசுங்கள்.

பிரசவம் முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு வேது வைத்துக் குளிப்பாட்டும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். அந்தக் குளியல் நீளமானது, பச்சை உடம்புக்குக் காற்று படக்கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவோம், பிள்ளையும் உள்ளே இருக்கும். அந்தத் தண்ணீரை அடுக்களையில் காய்ச்சி எடுத்து வாருங்கள். அந்த அறையில் கேஸ் எரியவே வேண்டாம்.

யாருக்காவது தலை சுற்றினால்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ந்து போவது, இவையெல்லாம் தொடக்கம். வெந்நீரில் குளித்ததால் வந்த மயக்கம் என்று நினைத்து உட்கார வைத்துவிடாதீர்கள். ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால் சந்தேகமே வேண்டாம். குளிக்கப் போனவர் அழைத்தும் பதில் சொல்லவில்லை என்றால் கதவை உடைத்தாவது ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். நீங்களும் உள்ளே அதிக நேரம் நிற்காதீர்கள். கீசரை அணையுங்கள், 108க்கு அழையுங்கள். கேஸ் கசிவு என்றால் 1906.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இந்த நேரத்தில் நம்பக்கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே காட்டும். 98 என்று காட்டிக்கொண்டே ஆள் மயங்கிக் கிடக்கலாம். இதற்கு மருத்துவமனையில் முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுப்பார்கள். சாதாரணக் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜனில் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். ஆகவே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் பக்கத்துத் தனியார் மருத்துவமனையானாலும், போனதும் முதல் வார்த்தையாக "மூடிய குளியலறையில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடைப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.