பழைய ரேடியேட்டரை மாற்றப் போகிறீர்களா? முதலில் பைப்பை அளந்துவிடுங்கள்

வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மாற்றும்போது அதிகம் வேலை வைப்பது ரேடியேட்டர் அல்ல, தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ வரும் அந்த இரண்டு பைப்புகள்தான். ஒரு பைப்பின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ரேடியேட்டரின் அகலம் மட்டும் போதாது, இருபக்க வால்வுகளும் இடம் பிடிக்கும்.

பழையவை பல அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. 24 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 610 மி.மீ., இன்றைய புதியது 600 மி.மீ. அந்த 10 மி.மீ.க்காகப் பைப்பை வளைத்து இழுக்கவே இழுக்காதீர்கள், மூட்டு கசியத் தொடங்கும். வால்வுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போடும் நீட்டிப்புத் துண்டு ஒன்று போதும். புதியது அகலமாக இருந்தால் பைப்பையே வெட்டி நகர்த்த வேண்டும், சில வீடுகளில் தரைப்பலகையைப் பெயர்க்கவும் நேரும். கூடுதல் சூடு வேண்டுமென்றால் அதே அகலத்தில் இரட்டைப் பேனல், அதாவது இரண்டு தகடுகள் கொண்ட ரேடியேட்டர், வாங்குவதே என் யோசனை.

கழற்றும்போது, தண்ணீர் ஓடும் அளவைக் கட்டுப்படுத்தும், மூடி போட்ட லாக்‌ஷீல்டு வால்வை அடைக்க எத்தனை சுற்று ஆனது என்று எண்ணி வையுங்கள். திரும்ப அதே அளவு திறந்தால்தான் மற்ற அறைகளுக்குப் போகும் சூடு குலையாது. உள்ளே கறுப்புச் சேறு நிற்கும், கம்பளத்தில் பட்டால் போகாது, கீழே தட்டும் பழந்துணியும் வையுங்கள். அப்புறம் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, துருத்தடுப்புத் திரவமும் சேர்த்துவிடுங்கள்.