விடுதிப் பணியாளர் நலன்: மேலாளர் எங்கிருந்து தொடங்க வேண்டும்

விருந்தோம்பல் துறையில் பணியாளர் நலன் என்றதும் பல நிர்வாகங்கள் பாராட்டுச் சான்றிதழோடும் ஆண்டு விழாவோடும் நின்றுவிடுகின்றன. அவற்றால் தீங்கில்லை. ஆனால், இரவு 11 மணிக்கு வரவேற்பு மேசையை ஒப்படைத்துவிட்டுப் போனவர் காலை 7 மணிக்கு மறுபடியும் அங்கே சிரித்த முகத்துடன் நிற்க வேண்டுமென்றால், எந்தச் சான்றிதழும் அவருடைய தூக்கத்தை ஈடுசெய்யாது. ஆகவே முதலில் கைவைக்க வேண்டியது ஷிஃப்ட் பட்டியலில்தான்.

இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடையே 11 மணி நேர ஓய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேரச் சட்டம் நாளொன்றுக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச ஓய்வு அது. உங்கள் நாட்டுச் சட்டம் அவ்வளவு கேட்காவிட்டாலும் நல்ல அளவுகோல். குடும்ப வாழ்வைத் திட்டமிட இயலும்படி வேலை நேரத்தை இயன்றவரை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று, உணவகம், தங்கும் விடுதிப் பணியாளர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1991இல் ஏற்ற 172ஆவது உடன்படிக்கை கூறுகிறது. முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப்பில் வரும் மாற்றம் அறிவிப்பாகாது.

அடுத்தது பணிச்சுமை. ஹவுஸ்கீப்பிங்கில் ஆளுக்கு இத்தனை அறை என்று தலைக்கணக்கில் பிரிப்பது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். விருந்தினர் காலி செய்த அறையிலோ விரிப்புகளை உருவி, கனமான மெத்தையைத் தூக்கிப் புதிய விரிப்பைச் செருகி, குளியலறையைத் தேய்த்துக் கழுவி, எல்லாவற்றையும் புதிதாக அடுக்க வேண்டும். தங்கியிருப்பவரின் அறைக்கு அதில் ஒரு பகுதி வேலையே போதும். எனவே இருவகை அறைகளுக்கும் வெவ்வேறு மதிப்பெண் வைத்து, மொத்த மதிப்பெண்ணைச் சமமாகப் பங்கிடுங்கள்.

உள்ளே எரிச்சல் இருக்க, வெளியே இன்முகம் காட்டுவதும் உழைப்பே. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் இதனை உணர்வுசார் உழைப்பு என்று விளக்கினார். விருந்தினர் குரலை உயர்த்தும்போது மேலாளர் அலுவலகக் கதவுக்குப் பின்னால் இருந்தால், ஊழியர் அதை மறக்கமாட்டார். மேசைக்கு வாருங்கள், "இனி இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி ஊழியரைச் சிறிது நேரம் உள்ளே அனுப்புங்கள். விருந்தினர் தொந்தரவு செய்கிறார் என்று ஊழியரிடமிருந்து புகார் வந்தால் அந்த விருந்தினருக்கான சேவை முறையை மாற்றுங்கள். புகார் சொன்னவருடைய ஷிஃப்டையோ டிப்ஸ் வருவாயையோ குறைப்பது அவரைத் தண்டிப்பதாகும்.

விருந்தினர் சொல்லும் சிறு குறைகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும் ஊழியர்களிடமே விடுங்கள். வேலைச் சுமை மிகுந்தும் முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் கூடும் என்று பணிச்சூழல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இலேயே எழுதினார். இத்தனை தொகை வரை யாரையும் கேளாமல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று வரம்பு வகுத்துவிட்டு, பிறகு அந்த முடிவைக் குடையாதீர்கள்.

பணியால் வரும் சோர்வுக்கு உலக சுகாதார அமைப்பு மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல். விருந்தினர் பெயரைச் சொல்லி வரவேற்றவர் மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கினால் கவனியுங்கள். நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் பதில் வரும், "இந்த வாரம் எந்த ஷிஃப்ட் உங்களை அதிகம் களைப்பாக்கியது?" என்று கேளுங்கள். அடுத்த பட்டியலில் அதற்கு ஏதாவது மாற்றம் தெரியாவிட்டால் இரண்டாம் முறை உண்மை வராது.

அறை நிரம்பல் விகிதத்தோடு, கடைசி நேர ஷிஃப்ட் மாற்றங்களையும் மறுக்கப்பட்ட விடுப்புகளையும் மாதந்தோறும் குறித்து வாருங்கள். அவை தொடர்ந்து ஏறினால், பெரும்பாலும் அங்கே ஆள் போதவில்லை. உரிமையாளரிடம் கூடுதல் ஆள் கேட்கப் போகும்போது அந்தக் கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள்.