கேம் கடையில் முற்பணம் எப்போது வாங்குவது?

புதுக் கேம் ஒன்றின் ட்ரெய்லர் வந்த அன்றே பொடியன்மார் கடைக்கு வந்து, "அண்ணா, எனக்கு ஒன்று பதிஞ்சு வையுங்கோ" என்பார்கள். திருகோணமலையில் டிஸ்க் விற்கும் எனக்கு அந்த ஆசை நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்றைக்குக் காசு வாங்காதீர்கள். கொப்பியில் பெயர், தொலைபேசி எண், வீட்டில் இருக்கும் சோனி ப்ளேஸ்டேஷன் பிஎஸ்4ஆ பிஎஸ்5ஆ என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

'சைபர்பங்க் 2077' என்ற கேமைப் பாருங்கள். 2019 ஜூனில் ஹொலிவூட் நடிகர் கியானு ரீவ்ஸை மேடையேற்றி, 2020 ஏப்ரல் 16 வெளியீடு என்றார்கள். முன்பதிவும் அப்போதே தொடங்கிவிட்டது. பிறகு செப்டெம்பர் என்றார்கள், நவம்பர் என்றார்கள், கடைசியில் வந்தது டிசம்பர் 10. "கோல்ட் ஆகிவிட்டது", அதாவது டிஸ்க் அச்சுக்குத் தயார் என்று அறிவித்த பிறகும் ஒருமுறை தள்ளிப்போட்டார்கள்! முன்பதிவு மட்டும் 80 லட்சம் பிரதிகள். விளம்பரம் வென்றதுதான். ஆனால் பிஎஸ்4இல் அது திக்கித் திணறியதால், வெளிவந்து ஒரு வாரம் போல ஆனதும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. ஒன்றரை வருடம் காசைக் கட்டிவிட்டுக் காத்திருந்த பிள்ளை யாரிடம் வந்து கேட்கும்? நம்மிடம்தான்.

'ஃபால்அவுட் 4' வேறு மாதிரி. 2015 ஜூனில் அறிவித்து நவம்பர் 10 அன்று கையில் கொடுத்தார்கள். ஆர்வம் ஆறவே விடவில்லை.

சரி, நாம் எப்போது வாங்கலாம்? திகதி உறுதியாகி, கேம் ஓடுவதையே காட்டிய பிறகு, வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது. அதுவும் சம்பளம் விழுந்த வாரமாகப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். மாதக் கடைசியில் போட்டால் "பாப்பம் அண்ணா" என்பதோடு முடிந்துவிடும். விலையில் கால்வாசி போதும். வெளிவரும் முன் மனம் மாறினால் முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். கணினிக் கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியீட்டுக்கு முன் எப்போது கேட்டாலும் காசு திரும்பும். நம் கடை அதைவிடக் கறாராக இருந்தால் யார் வருவார்கள்?

இன்னொன்று, பெரிய கேம்கள் மேல்நாட்டு நத்தார் வியாபாரத்தைக் குறிவைத்து ஒக்டோபர், நவம்பரில் வரும். நமக்கு அது மாரி. வெள்ளம் வந்தால் கொழும்புப் பார்சல் பிந்தும். ஆகவே பற்றுச்சீட்டில் வெளியீட்டுத் திகதியை எழுதாமல், அதற்கு மூன்று நாள் பிந்திய திகதியை எழுதுங்கள்.