ஒரு வருடம் ஜிம்முக்குப் போயும் உடம்பு ஏறவில்லையா?

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கத்து ஜிம்களில் நான் பார்க்கும் பையன்களின் உழைப்பில் குறையே இல்லை. பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்கிறார்கள். ஆனால் பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேலே எடை தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் அதே நாற்பது கிலோ, அதே பத்து ரெப் (பத்து முறை தூக்குவது), போன வருடமும் இந்த வருடமும். பழகிப்போன எடைக்காகத் தசை வளராது. இதுதான் முதல் தவறு.

இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். இன்று 40 கிலோவில் 8 ரெப் என்றால் எழுதிவையுங்கள், அடுத்த முறை 9 போட முயலுங்கள். 12 வந்ததும் 2.5 கிலோ ஏற்றுங்கள். ஒரு செட் (நிறுத்தாமல் போடும் ஒரு சுற்று) முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் முடியும் என்ற நிலை வரவேண்டும். அப்படிச் செய்தால் எடை குறைவாக இருந்து ரெப் கூடுதலாக இருந்தாலும் தசை ஏறக்குறைய அதே அளவு வளர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பக்கத்தில் இருப்பவரின் எடையைப் பார்த்து முதுகை வளைத்துத் தூக்கவே வேண்டாம்.

திங்கட்கிழமை நெஞ்சுக்கு இருபது செட் அடித்துவிட்டு அடுத்த திங்கள் வரை விட்டுவிடுகிறார்கள். அதை வாரம் இரண்டு நாளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு நாளும் ஐந்தாறு செட் போதும். செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்காருங்கள். அப்புறம், கால்களுக்கான பயிற்சியையும் விடாதீர்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய ஓட்டை. தசை வளர, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் தினமும் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். காலையில் நாலு இட்லி, மதியம் குழம்பு சோற்றோடு ஒரு துண்டு மீன் என்றால் பாதிகூட வராது. அதற்குப் பவுடர் டப்பாதான் வழி என்று நினைத்துக் கடன் வாங்குகிறார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. சுத்தம் செய்த மத்தியோ கானாங்கெளுத்தியோ 200 கிராமில் சுமார் 40 கிராம் புரதம், நாலு முட்டையில் 24, உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 25. மீதியைச் சோறும் பருப்புமே கொடுத்துவிடும். ஒல்லியான பையன்கள் சோற்றை ஒதுக்குவதும் தவறுதான், எடை ஏற அதுவும் வேண்டும்.

பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகவைத்த முட்டையில் 90 சதவீதப் புரதம் செரிக்கிறது, பச்சையில் கிட்டத்தட்ட பாதிதான்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது ஊசி. மூன்று மாதத்தில் உடம்பு ஏறுகிறது என்று ஸ்டீராய்டு போட்டுக்கொண்டால், உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறையும், விந்தணு குறையும், இதயமும் கெடலாம். கல்யாணமாகி குழந்தைக்காக ஏங்கும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. ஏற்கெனவே போட்டிருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய், என்ன மருந்து, எத்தனை மாதம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.