ஆங்கிள் கிரைண்டரில் முதல் வெட்டு: கை எங்கே இருக்க வேண்டும்?

வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் மெஷினைக் கொடுப்பதில்லை. பெஞ்சில் இருக்கும், பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸைக் காட்டி, அதில் ஒரு ஸ்கொயர் பைப்பைக் கட்டச் சொல்வேன். கட்டி முடித்ததும் பைப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்ப்பேன். துளி அசைந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். சிலருக்கு இது சலிப்பாக இருக்கும். ஆனாலும் விடமாட்டேன்.

காரணம் என் இடது கையில் இருக்கிறது. பத்தொன்பது வயதில், நான் தொழில் பழகிய பட்டறையில், ஒரு மெல்லிய தகட்டை இடது கையால் பெஞ்சின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையில் ட்ரில் மெஷினைப் பிடித்துத் துளை போட்டேன். பிட் இறங்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதன் நுனி தகட்டின் அடிப்பக்கம் வெளியே வந்த நொடியில் ஓட்டையின் விளிம்பு கொக்கிபோல் மாட்டிக்கொண்டது. தகடு விசிறியைப்போல் சுற்றியது. கட்டைவிரலின் அடியில் ஏழு தையல். நான் சொல்லித்தரும் எல்லாமே அந்தத் தையலிலிருந்து தொடங்குவதுதான்: இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டும், அறுபடும் பொருளை வைஸோ கிளாம்ப்போ பிடித்திருக்க வேண்டும்.

இன்றைக்கு நாம் செய்யப்போவது சின்ன வேலை. பூந்தொட்டி ஸ்டாண்டு ஒன்றுக்கு நாலு கால். ஒரு அங்குல ஸ்கொயர் பைப், 1.6 மி.மீ. கனம், ஒவ்வொரு காலும் 45 செ.மீ. நீளம். மெஷின், வீடுகளிலும் கிரில் பட்டறைகளிலும் எங்கும் காணப்படும், வட்டத் தட்டு போன்ற வீலைச் சுழற்றி இரும்பை அறுக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர்.

முதல் படி: ஒரு காலைக் கையால் அறுங்கள்

மெஷின் இருக்கும்போது ஹேக்சா என்ற இரும்பு அறுக்கும் கை ரம்பம் எதற்கு என்று கேட்காதீர்கள். இதில் கற்றுக்கொள்வது பின்னால் உயிரைக் காக்கும்.

அளவெடுத்து, மூலமட்டம் வைத்து, நாலு பக்கமும் கோடு கீறுங்கள். ஹேக்சா பிளேடின் பற்கள் முன்பக்கம், அதாவது உங்களை விட்டு விலகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு மெல்லிய பைப்புக்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு நல்லது. பெரிய பல் விளிம்பில் மாட்டி உடையும். வைஸின் வாயிலிருந்து கோடு இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும். வெளியே அதிகம் நீட்டினால் பைப் அதிரும். தள்ளும்போது அழுத்தி, இழுக்கும்போது லேசாக விடுங்கள்.

பாதி அறுத்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். வெளியே நீட்டியிருக்கும் துண்டின் நுனியை இன்னொரு கையால் மேல்நோக்கித் தூக்குங்கள். வெட்டின் வாய் குறுகி, பிளேடைக் கவ்விக்கொள்ளும். ஹேக்சா அப்படியே நின்றுவிடும், அவ்வளவுதான். இப்போது நுனியை விட்டுவிடுங்கள். துண்டு தன் எடையால் தொங்கும், வாய் விரியும், பிளேடு விடுபடும்.

இதே கவ்வல் கிரைண்டரில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. வீலின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அதைப் பைப் திடீரென்று கவ்வினால் அந்த வேகம் முழுவதும் மெஷினை உதறித் தள்ளும். அப்போது மெஷின் ஒரு கையில் இருந்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பைப்பின் ஒரு பக்கம்தான் வைஸில் இருக்க வேண்டும். அறுந்து விழும் பக்கம் சுதந்திரமாகத் தொங்க வேண்டும். இரண்டு முனையையும் செங்கல்மேல் வைத்து நடுவில் அறுத்தால் பைப் தொய்ந்து வாய் மூடிக்கொள்ளும். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதையும் கட்டட வேலை நடக்கும் இடங்களில் தினமும் பார்க்கிறோம். பழகியவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். வீலுக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் செருப்புகூட முழுதாக இருப்பதில்லை.

இரண்டாம் படி: வீலைப் படியுங்கள்

வீலின்மேல் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் மாட்டக்கூடாது. 100 மி.மீ. கட்டிங் வீலில் பொதுவாக 15,300 என்று ஓர் எண் இருக்கும். அது அந்த வீல் தாங்கும் அதிகபட்சச் சுற்று. மெஷினின் பெயர்ப்பலகையில் உள்ள சுற்று அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 7 அங்குல வீல் தாங்குவது 8,500 சுற்றுதான். வீலை மூடியிருக்கும் கவசமான கார்டைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய வீலைச் சின்ன மெஷினில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால் வீலைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். அந்தக் கணக்கில் 11,000 சுற்றில் அந்த வீல் தாங்க வேண்டியது, அது தாங்குவதற்காகச் செய்யப்பட்டதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வெடித்தால் துண்டுகள் முகத்தின் உயரத்தில்தான் பறக்கும்.

நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருந்தால் அது காலாவதி நாள். இந்த வீல்கள் பிசினால் இறுகியவை. ஈரத்திலும் வெயிலிலும் கிடந்தால் பிசின் பலமிழக்கும். கீழே விழுந்த வீலைக் கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். முறித்துக் குப்பையில் போடுங்கள். ஒரு வீலின் விலை ஒரு டீ, வடை விலைதான்.

மெல்லிய வீல் அறுக்க மட்டும். அதன் பக்கவாட்டை வைத்துத் தேய்த்தால் பிளந்துவிடும். தேய்ப்பதற்கென்று 6 மி.மீ. கனத்தில் கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது.

மரம் அறுக்கும் பல் பிளேடை இந்த மெஷினில் மாட்டுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: வேண்டாம். மரத்தில் பல் மாட்டினால் கட்டிங் வீலைப்போல் தேயாது, உடையாது. மெஷினையே தூக்கி எறியும். மரத்துக்கு வட்ட ரம்பம் இருக்கிறது, கை ரம்பம் இருக்கிறது.

மூன்றாம் படி: பிளக்கைக் கழற்றிவிட்டு வீலை மாட்டுங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக் சாக்கெட்டைவிட்டு வெளியே, உங்கள் கண்ணில் படும் இடத்தில் கிடக்க வேண்டும். பிறகு வீலுக்கு அடியில் வரும் உலோகத் தட்டான உள் ஃபிளேஞ்சைத் துணியால் துடைத்து உட்கார வையுங்கள். வீலின் 16 மி.மீ. துளை அதில் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். மேல் நட்டைக் கையால் திருகி, வீல் சுற்றும் தண்டைப் பூட்டும் ஸ்பிண்டில் பொத்தானை அழுத்திக்கொண்டு, இரண்டு முள் ஸ்பேனரால் இறுக்குங்கள். வெறிகொண்டு இறுக்க வேண்டியதில்லை. கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், கார்டில் உரசக்கூடாது.

கார்டு வீலுக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் வரும்படி திருப்பி வையுங்கள். பக்கக் கைப்பிடியை மாட்டுங்கள். புது மெஷின் பெட்டியிலேயே அந்தக் கைப்பிடி தூங்கிக்கொண்டிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது இல்லாமல் இரண்டு கையால் பிடிக்க வழியே இல்லை. ஆகவே அது இல்லையென்றால் வேலையும் இல்லை.

நான்காம் படி: மின்சாரம்

எக்ஸ்டென்ஷன் வயரின் முனையில் பிளக் இல்லாமல், செப்புக் கம்பிகளைச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சியால் செருகி வைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. அந்தக் குச்சி நழுவினால் மின்சாரம் உள்ள கம்பி தரையில் கிடக்கும். இருபது நிமிடம் ஒதுக்கி ஒரு பிளக்கை மாட்டுங்கள். சுருளாகச் சுற்றிய வயரை முழுவதும் விரித்துவிட்டு ஓட்டுங்கள். சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகும். மெஷினின் பெயர்ப்பலகையில் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது. அதற்கு எர்த் கம்பி தேவையில்லை. அந்தக் குறி இல்லாத மெஷினுக்கு மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். எதுவானாலும் பட்டறை லைனில் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று இருக்கட்டும்.

கரண்ட் போகும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடுவோம். சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் பூட்டியபடியே இருக்கும். திரும்பி வந்து வீல் மாட்டக் கை வைக்கும் நேரத்தில் கரண்ட் வந்தால்? ஆகவே மெஷின் நின்றதும் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஐந்தாம் படி: உடம்பிலிருந்து எடுக்க வேண்டியவை, உடம்பில் போட வேண்டியவை

லுங்கி, துப்பட்டா, தொளதொளப்பான சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, காப்பு, மோதிரம் எதுவும் கூடாது. பின்னலை மேலே கட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் அதை அவிழ்க்கத் தயங்குவார்கள், நான் வற்புறுத்துவதில்லை. முழுக்கைச் சட்டை போட்டு, பொத்தானிட்டு, கயிற்றை உள்ளே மறைத்துவிடச் சொல்வேன். நுனி வெளியே தொங்கினால் வேலை இல்லை.

கண்ணுக்குப் பக்கமெல்லாம் மூடிய கண்ணாடி. முடிந்தால் அதன்மேல் முகக்கவசம். சாதாரண மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் வரும் பொறியைத் தடுக்காது. காதுக்குப் பஞ்சு போதாது. இந்த மெஷினின் சத்தம் 100 டெசிபலை நெருங்கும். அந்த அளவில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்று அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு அமைப்பான நியோஷ் வரையறுத்திருக்கிறது. நுரை அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குப் பொருத்தமான தோல் கையுறை. நூல் கையுறை வேண்டாம். ஸ்டாண்டில் நிற்கும் ட்ரில்லிங் மெஷினிலோ எந்தக் கையுறையும் கூடாது. பிட் அதன் ஓரத்தைப் பிடித்தால் விரலையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும்.

ஆறாம் படி: அறுப்பது

பொறி பாயும் திசையில் முப்பத்தைந்து அடி தூரத்துக்குத் தின்னர், பெட்ரோல், மரத்தூள், சாக்கு, நிற்கும் வண்டி எதுவும் இருக்கக்கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

பைப்பை வைஸில் கட்டி, உலுக்கிப் பாருங்கள். வீல் சுற்றும் தளத்தின் நேர்க்கோட்டில் உங்கள் முகமோ கழுத்தோ வயிறோ இல்லாமல், ஒரு பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். கால்களைச் சற்று அகட்டி, ஒன்று முன்னே இருக்கட்டும். புது வீலாக இருந்தால் எதையும் தொடாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். அதிர்ந்தால் அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

வீல் முழு வேகம் எடுத்தபிறகே பைப்பைத் தொட வேண்டும். கோட்டின்மேல் லேசாக உரசி ஒரு தடம் விழட்டும். பிறகு அதே தடத்தில் நேராக இறங்குங்கள். அழுத்த வேண்டாம்; மெஷினின் எடையே போதும். சத்தத்தைக் கேளுங்கள். அறுபடும்போது ஒரே சீராக இரையும். குரல் கம்மினால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். வீலை வெட்டுக்குள் வைத்துச் சாய்க்கவோ திருப்பவோ கூடாது. நகர்த்துவதாக இருந்தால் பொறி பாயும் பக்கமாக நகர்த்துங்கள். அப்போது மெஷின் உங்கள் கைக்கு எதிர்த்து நிற்கும். எதிர்ப்பக்கம் நகர்த்தினால் அது வெட்டைவிட்டு ஏறி ஓடப் பார்க்கும்.

கடைசி இரண்டு மில்லிமீட்டரில் இன்னும் மெதுவாக. துண்டு விழப்போகிறது என்று இடது கை தானாகவே பிடிக்கப் போகும். என் தகட்டில் நடந்ததும் இப்படி ஒரு நொடியில்தான். விழட்டும். கீழே ஒரு பலகை போட்டு வையுங்கள், உங்கள் பாதம் அதன் அடியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சை அணைத்தபின்னும் வீல் பல நொடிகள் சுற்றும். முழுவதும் நிற்கும்வரை இரண்டு கையிலும் வைத்திருந்து, பிறகு கீழே வையுங்கள்.

ஏழாம் படி: பிசிறு

அறுத்த முனை சூடாக இருக்கும். பிசிறு பிளேடைப்போல் அறுக்கும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஆறியதும் வைஸில் கட்டி அரத்தால் ராவுங்கள். அரத்துக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத அரம் ஒரு தடவை மாட்டி நின்றால், அதன் கூரான வால் உள்ளங்கையில் இறங்கிவிடும். தரையைத் துடைப்பத்தால் பெருக்குங்கள். ஊதினால் தூள் கண்ணுக்குத்தான் வரும்.

அப்படியும் கண்ணில் இரும்புத் தூள் விழுந்துவிட்டால் கசக்கக்கூடாது. கைக்குட்டை நுனியாலோ தீக்குச்சியாலோ பக்கத்தில் இருப்பவர் எடுக்க வருவார். பட்டறைக்குப் பட்டறை அப்படி ஒரு கைராசிக்காரர் இருப்பார். அவரிடம் கண்ணைக் காட்டாதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, தூள் போகவில்லையென்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கருவிழியில் தைத்த இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடித்து வளையமாகப் படியத் தொடங்கும். வேகமாகப் பறந்த துகள் கண்ணுக்குள் பாய்ந்திருக்கலாம் என்று தோன்றினால் கழுவவும் வேண்டாம், கண்ணை அழுத்தவும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மேலே மூடி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாலு காலும் தயாரானதும் உடனே ஷட்டரை இழுத்துவிட வேண்டாம். ஒரு பொறி பழைய துணியிலோ மரத்தூளிலோ விழுந்து புகைய அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் நாலு காலையும் தரையில் நிறுத்தி, பக்கத்தில் பக்கம் வைத்து, உயரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கையால் அறுத்த காலும் அவற்றில் ஒன்றாக நிற்கும்.