தேங்காய் எண்ணெய் சோப்பு: மில்லியில் அளக்காதீர்கள்

தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம்தான். 12 கார்பன் கோத்த சங்கிலி. காஸ்டிக் சோடா சேர்ந்தால் அது சோடியம் லாரேட் ஆகிவிடும். நன்றாக நுரைக்கிற சோப்பு அதுதான்.

தேவை: தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 87 கிராம், தண்ணீர் 174 கிராம்.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரை எடுத்து, அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், சோடா அதை அரித்துவிடும்.

இப்போது எண்ணெய். முதல் முறை நான் தவறியது இங்கேதான். 500 மில்லி பாட்டிலை அப்படியே கவிழ்த்தேன். அது 460 கிராம்தான்! ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் சோடா பிடிக்கும். 460 கிராமுக்கு 84 போதும். நான் போட்டது 87. மிச்சம் 3 கிராம் சோடா சோப்புக்குள்ளேயே தங்கி, கை எரிந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். அதனால் எண்ணெயையும் தராசில் வைத்தே எடுங்கள். சரியான 500 கிராமுக்கு 91.5 சோடா வேண்டும்; 5 சதவீதம் குறைத்துத்தான் 87. கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கு நல்லது.

சோடாத் தண்ணீரும் எண்ணெயும் வெதுவெதுப்பானதும் கலந்து, ஹேண்ட் பிளெண்டரால் அடியுங்கள். கரண்டியால் கிண்டினால் கை ஓய்ந்துவிடும். தோசை மாவுப் பதம் வந்ததும் சிலிக்கான் அச்சில் ஊற்றுங்கள். இறுகியதும், சூடு முழுக்க ஆறுவதற்குள் வெட்டிவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் கத்தி பட்டதும் உடையும். அப்புறம் 4 வாரம் காற்றாட வையுங்கள்.

பின்சேர்க்கை: இதே அளவில் நல்லெண்ணெய் ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். நல்லெண்ணெயில் பெரும்பாலும் 18 கார்பன் சங்கிலிகள். சங்கிலி நீண்டால் ஒரு கிராமில் உள்ள மூலக்கூறுகள் குறையும், சோடாவும் குறைவாகத்தான் பிடிக்கும்: கிராமுக்கு சுமார் 0.134. கலந்து செய்வதானால் தனித்தனியே கணக்குப் போட்டுக் கூட்டுங்கள். 300 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 54.9, 200 கிராம் நல்லெண்ணெய்க்கு 26.8. மொத்தம் 81.7; அதில் 5 சதவீதம் கழித்தால் 77.6. நான் 77 போடுவேன்.