கட்டிலிலிருந்து வண்டி வரை: வெள்ளத்துக்குப் பெயர் எழுதப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வைகாசிக் கடைசியில் பவானியில் ஆற்றோரத் தெரு ஒன்றில் இரண்டு பையன்கள் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வந்தால் தானாக வெளியேற முடியாதவர்களின் பெயரை எழுதி, வண்டி ஏற்பாட்டுக்காக வி.ஏ.ஓ.விடம் கொடுக்கும் வேலை. நல்ல பையன்கள், யாரும் கூப்பிடாமல் தாங்களாக வந்தவர்கள்.

"பாட்டி, தண்ணி வந்தா வண்டி வேணுங்களா?"

"வேண்டாஞ் சாமி, நாங்க பாத்துக்கறோம்."

"சரிங்க பாட்டி."

அடுத்த வீடு. ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 2018-இல் நானும் இப்படித்தான் ஒரே பொழுதில் நாற்பது வீட்டை முடித்துவிட்டு டீக்கடையில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பெயரில் எழுத்துப் பிழை, போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைவு மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவற்றை இரண்டாவது நாளே நீங்களாகத் திருத்திக்கொள்வீர்கள்.

மழை வரட்டும் என்று காத்திருப்பது

காவிரிக் கரையில் மழையைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்கிறது. கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே 16 கண் மதகு வழியாக விட வேண்டியதுதான். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி இப்படித்தான் வந்தது. இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், துணி காய்ந்துகொண்டிருக்கும், ஆறு மட்டும் படி ஏறும். அந்தப் பக்கம் பவானிசாகரும் 105 அடியை நெருங்கியிருந்தால் கூடுதுறையில் இரண்டு ஆறும் சேர்ந்து நிற்கும். வானம் வெளுத்திருக்கிறதே என்று யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

ஜூன் 12, குறுவைக்கு மேட்டூர் திறக்கிற வழக்கமான நாள். அதற்கு முன்பே நோட்டு முழுமையாகிவிட வேண்டும். மேட்டுப்பாளையம், வால்பாறைப் பக்கத்துக்காரர்கள் ஐப்பசிக்கு முன் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். அங்கே மண்ணும் சுவரும் சரிவதற்கு ஒரு ராத்திரி மழை போதும். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள்.

"வேண்டாம்" என்றதும் நோட்டை மூடுவது

நம் பக்கத்துப் பெரியவர்களிடம் எதை நீட்டினாலும் முதல் பதில் "வேண்டாம்" தான். காபி குடிக்கிறீங்களா என்றாலும் வேண்டாம். அதையே கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "உதவி வேணுமா" என்ற கேள்வியே அவர்களுக்குக் கூச்சம். அதற்குப் பதிலாக, "போன தடவ தண்ணி வந்தப்ப எப்படிங்க ஆத்தா போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கதை வரும். யார் தூக்கினார்கள், எங்கே விழுந்தார்கள், முகாமில் எத்தனை நாள் இருந்தார்கள், எல்லாம் வரும்.

ஒரு பாட்டி மூன்று முறை வேண்டாம் என்றார். நான்காவது முறைதான் காரணத்தைச் சொன்னார், அதையும் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம். பள்ளிக்கூட முகாமில் கக்கூசில் குந்த முடியாது. வீட்டில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலியும் வண்டியில் ஏறும் என்றதும், "அப்ப எம் பேரையும் எழுதிக்க கண்ணு" என்றார்.

"நடக்க முடியாது, வண்டி தேவை" என்று எழுதி முடிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருகிற தவறு இதுதான், செய்ததும் நான்தான்.

அவரை நாங்கள் எல்லோரும் அப்புச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு காலத்தில் ஜமக்காளத் தறி ஓட்டியவர், நல்ல ஆகிருதி. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. என் நோட்டில் அவருடைய வரி இப்படி இருந்தது: "வயது 74. நடக்க முடியாது. வண்டி தேவை." பெயர், தெரு, போன் எல்லாம் சரி. பட்டியலை முறையாகக் கொடுத்தேன், அங்கேயும் பதிந்துகொண்டார்கள். தண்ணீர் ஏறிய அன்று ராத்திரி பதினொரு மணிக்கு, சொன்னபடி டாடா ஏஸ் வந்து தெருவில் நின்றது. வண்டி வந்ததில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அப்புச்சி வீடு தெருவில் இல்லை. தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைசிக்கு முந்தின வீடு. சந்தில் பைக் போகும், ஆட்டோ போகாது. கட்டிலோடு தூக்கிவிடலாம் என்று பார்த்தால், உள்ளே வைத்துப் பொருத்திய இரும்புக் கட்டில் கதவு வழியாக வரவே இல்லை. வாசலில் மூன்று படி, கரண்ட் நிறுத்தியாயிற்று. வந்தது ஓட்டுநர் ஒருவர் மட்டும், அவருக்கு அடுத்து இன்னும் நான்கு வீடு. இருபது நிமிடம் நின்றார். "ஆளைக் கூட்டியாங்க அண்ணா, அவிங்கள ஏத்திட்டு வந்தர்றேன்" என்று போய்விட்டார். அவர் மேல் என்ன தப்பு? அவர் கையில் இருந்த காகிதத்தில் "வண்டி தேவை" என்றுதான் இருந்தது, ஆள் தேவை என்று எங்கேயும் இல்லை.

பக்கத்து விசைத்தறிப் பட்டறையில் நைட் ஷிப்ட் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து நான்கு பையன்களைப் பிடித்து வந்தேன். கட்டில் வராது, நாற்காலியில் வைத்தால் சரிகிறார். வேறு வழியில்லாமல் ஜமக்காளம் விரித்துத் தூக்குவோம் என்றோம். விரித்துக் கிடந்த பழையதை எடுக்கப் போனபோது அவர் மனைவி அம்மிச்சி தடுத்தார். "அது மக்கிப் போச்சு சாமி, பாதி வழில கிழிஞ்சுரும்" என்று பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத புதுசை எடுத்துக் கொடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் நாலு மூலைக்கு நாலு பேர். தூக்கிய மறுகணம் அப்புச்சி அலறினார். வேட்டிக்குள் யூரின் டியூப் இருந்தது, அதன் பை கட்டில் சட்டத்தில் மாட்டியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நோட்டில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ரத்தம் வந்தது. முகாமுக்குப் போக வேண்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போய், பதினொரு நாள் அங்கே இருந்தார்.

பிழைத்துக்கொண்டார், என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் "வண்டி வேணுங்களா" என்று கேட்டு ஆரம்பிப்பதில்லை. முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அங்கிருந்து வண்டி நிற்கக்கூடிய இடம் வரை எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடப்பேன். கதவு எவ்வளவு அகலம், படி எத்தனை, சாக்கடை மேல் பலகையா கல்லா, ராத்திரி அந்தச் சந்தில் யாராவது பைக்கைக் குறுக்கே நிறுத்துவார்களா, எல்லாம் பார்ப்பேன். இன்று அப்புச்சியின் வரி இப்படி இருக்கிறது:

"வலது கை, கால் வராது. பிடித்துக்கொண்டால் உட்காருவார், தனியாக உட்கார மாட்டார். கனமான ஆள், தூக்க 4 பேர், விசைத்தறிப் பட்டறையில் கேட்கவும். கட்டில் கதவில் வராது, ஜமக்காளம் பெட்டியில். வாசலில் 3 படி. சந்து 62 எட்டு, பைக் மட்டும். வண்டி பிள்ளையார் கோயில் வரை வரும். யூரின் டியூப், பை இடது பக்கம், முதலில் பையைக் கட்டில் சட்டத்திலிருந்து கழற்றி, இடுப்புக்கு மேலே ஏறாமல் கூடவே எடுத்து வரவும். மனைவி கூட வருவார், காது மந்தம்."

இது எழுத இருபது நிமிடம் ஆகிறது. ஒரு பொழுதுக்கு ஆறு வீடுதான் முடியும். ஆகட்டும்.

ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் என்றால், கரண்ட் போனால் எத்தனை நேரம் தாங்கும், சிலிண்டர் இருக்கிறதா என்று எழுதுங்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே லைனை நிறுத்திவிடுவார்கள், அதனால் இவர்கள்தான் முதல் நடையில் போக வேண்டியவர்கள். டயாலிசிஸ் என்றால் வாரத்தில் எந்தெந்த நாள், எந்த ஆஸ்பத்திரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ என்றால் அதைப் பெரிய எழுத்தில்.

மகன் நம்பரை மட்டும் வாங்கிக்கொள்வது

"என்ற பையன் திருப்பூர்ல இருந்து வந்து கூட்டிட்டுப் போயிருவான்." பையன் ஷிப்டில் இருப்பான், போன் எடுக்க மாட்டான். எடுத்துக் கிளம்பி வந்தாலும் பாலத்தில் தடுப்பு வைத்திருப்பார்கள். அவன் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே பக்கத்து வீட்டு நம்பரை எழுதுங்கள், ராத்திரியிலும் எடுக்கிறவராகப் பார்த்து.

ரேஷன் கார்டு முகவரி

கார்டில் மூத்த மகன் வீடு இருக்கும். ஆத்தா இந்த மாதம் இளைய மகன் வீட்டில் இருப்பார்.

அட்டை இருப்பவர்களை மட்டும் எழுதுவது

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவரும் நடக்க முடியாதவராக இருப்பார். முட்டி தேய்ந்த பாட்டி, எட்டு மாதக் கர்ப்பிணி, மாவுக்கட்டுப் போட்ட பையன், ஒலிபெருக்கியில் சொல்கிற தமிழ் புரியாமல் தறிப் பட்டறையிலேயே தூங்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். இவர்களை நீங்களாகத் தேடித் திரிய வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்வரும் அக்கா ஒருவர் உங்கள் பகுதியிலும் இருப்பார். கர்ப்பிணிகளை அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். இவர்கள் இருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்தால், நீங்கள் ஒரு வாரம் சுற்றியும் கண்டுபிடிக்காத வீடுகள் கிடைக்கும்.

ஆடு

எழுதுங்கள். ஆட்டை விட்டுவிட்டு அவர்கள் வர மாட்டார்கள்.

பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுவது

கூடவே கூடாது. எந்த வீட்டில் யார் தனியாக, எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறார் என்ற விவரம் அது. தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று கொள்ளையடித்தது நம் மாவட்டங்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆதார் நகலும் வாங்காதீர்கள். வண்டி ஏற ஆதார் எதற்கு?

கொடுத்தாச்சு என்று இருந்துவிடுவது

என் அத்தை மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். அங்கே இதற்கென்றே மாநிலப் பதிவேடு இருக்கிறது, 211-க்கு அழைத்துப் பெயர் கொடுக்கலாம். ஆனால் பதிந்துவிட்டால் உதவி கட்டாயம் வரும் என்று அவர்களே உறுதி சொல்வதில்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அங்கேயே அப்படி என்றால் நம் நோட்டுக்கு என்ன?

வி.ஏ.ஓ.வுக்கு மாறுதல் வந்தால் நீங்கள் கொடுத்த காகிதம் ஏதோ ஒரு பீரோவுக்குள் போய்விடும். அதனால் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று நகராட்சிக்கு, மூன்றாவதில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி உங்களிடம். தயங்கி நிற்கவும் வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 8-ஆம் பிரிவில், மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவாக வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று இருக்கிறது. அவர்கள் செய்ய வேண்டிய வேலையில் நீங்கள் பாதியைச் செய்து கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். வெள்ள அபாய எச்சரிக்கை வந்த அன்றே மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் அழைத்து, இன்ன தெருவில் இத்தனை பேர், படுத்தபடி போக வேண்டியவர்கள் இத்தனை பேர் என்று சொல்லுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் 108.

ஒத்திகை பார்க்காமல் இருப்பது

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ஞாயிறு வைத்துக்கொள்கிறோம். உறவுக்காரப் பையன்கள் ஊருக்கு வந்திருப்பார்கள், தூக்க ஆள் கிடைக்கும்.

அந்த இரண்டு பையன்களையும் மறுநாள் அதே தெருவுக்குக் கூட்டிப் போனேன், "வேண்டாஞ் சாமி" சொன்ன பாட்டி வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். ஒருவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எட்டு எண்ணத் தொடங்கினான், இன்னொருவன் எழுதினான். முப்பத்தொன்றாவது எட்டில் சாக்கடைப் பலகை ஒன்று பாதி உடைந்து கிடந்தது. நடக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நாலு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஒருவன் கால் உள்ளே போகும். "இதையும் எழுதட்டுங்களா அண்ணா?" என்று கேட்டான். எழுதச் சொல்லிவிட்டு, நகராட்சிக்குப் போன் போட்டேன்.